தொப்பி போட்ட தேங்காய்

இன்ஜினீயரிங் படித்தவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. தக்காளி வாங்கி வரச் சொன்னால், அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் நசுங்கும் என்று யோசித்துக்கொண்டே போய் வெங்காயத்தோடு திரும்பி வருவான். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அதிலும் நான் பார்த்த வேலை, விமானத்தின் சக்கரக் கால்கள் தரையில் மோதும்போது தாங்குமா என்று சோதிக்கிற வேலை. (மாப்பிள்ளை ஏரோப்ளேன் கட்டுகிறார் என்று என் மாமனார் திருச்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை அதைக் கீழே போட்டுப் பார்க்கிறவர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.) இப்படிப்பட்டவனை நம்பி ஒரு தள்ளுவண்டி வாங்கும் பொறுப்பை ஒப்படைத்தாள் என் மனைவி பத்மா. அவளுக்கும் அப்போது சின்ன வயசு, பாவம்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மான்ட்ரியலில் இருந்தோம். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே, சென்ட் லோரன்ட்டில் வாடகை வீடு. நாலு வயதில் உமா, ஒரு வயதில் ரவி. கல்யாணமாகி விமானம் ஏறியதிலிருந்து பத்மா ஊர்ப்பக்கம் போகவே இல்லை. பேரன் பேத்தியை அவள் வீட்டில் போட்டோவில்தான் பார்த்திருந்தார்கள். அந்தக் கோடையில் போயே தீருவது என்று முடிவாயிற்று. அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்தால், அதே டிக்கெட்டில் வழியில் ஒன்றிரண்டு ஊர்களில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். பாரிஸ், ரோம் என்று நான் பெருமையாக அடுக்கினேன். பத்மாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் ரவிக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"க்யூபெக் சிட்டிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ஏன் இல்லாம? என்ன அழகான ஊரு!"

"அழகா இருந்துச்சா? எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தது உமாவோட மூஞ்சிதான்."

அவள் சொன்னது உண்மை. ரவி பிறப்பதற்கு முன்னால் அந்த ஊருக்குப் போனபோது, யாரோ கொடுத்த பழைய தள்ளுவண்டி ஒன்றை எடுத்துப் போயிருந்தோம். கல் பாவிய முதல் தெருவிலேயே அதன் சக்கரம் ஒன்று கழன்று, ஆறு இருந்த திசையில் தனியாக உருண்டு போய்விட்டது. அன்று முழுவதும் உமா பத்மாவின் இடுப்பில். நான் கேமராவைத் தூக்கி வந்தேன். (அந்தக் காலத்துக் கேமரா நல்ல கனம்.) ஆல்பத்தைப் புரட்டினால் கோட்டை, தேவாலயம், ஆறு எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் உமாவின் முதுகும், அதற்குப் பின்னால் பத்மாவின் கொண்டையும் இருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை.

"கல்லுத் தெருவுல ஓடணும். படிக்கட்டு, பஸ்ஸு, ரயிலுன்னு எல்லாத்துலயும் ஏத்த முடியணும். என் ரெண்டு கையும் காலியா இருக்கணுங்க. ஒரே ஒரு ஊரையாவது கையை வீசிக்கிட்டு நடந்து பாக்கணும்" என்றாள் பத்மா. "அப்படி ஒரு வண்டி கிடைச்சாப் பாரிஸு. இல்லாட்டி நேரா மெட்ராஸு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு உள்ளூர வருத்தமாகப் போய்விட்டது. இந்த வண்டி விஷயத்தில் இவளைக் கைவிடக் கூடாது, உலகத்திலேயே சிறந்ததை வாங்கிவிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நகரத்தின் நடுவில் இருந்த பெரிய கடைக்குக் குடும்பத்தோடு போனோம். அங்கே புதிதாக ஒரு வண்டி வந்திருந்தது. இரண்டு குழாய், நடுவே கோடு போட்ட துணி, கீழே பிஸ்கட் அளவுக்குச் சக்கரங்கள், அவ்வளவுதான். குடை போல மடங்கியது. பத்மா ரவியை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டே மறு கையால் அதைத் தூக்கினாள், காலால் தட்டி மடக்கினாள், திரும்ப விரித்தாள். அவள் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

நான் குனிந்து சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தேன். "விட்டம் போதாது" என்றேன்.

அதன்பின் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சக்கரத்தின் ஆரம், அதிர்ச்சி எப்படிக் குழந்தையின் முதுகெலும்பை எட்டுகிறது ஆகியவை பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். கடைப் பெண் வாயைத் திறந்தபடி கேட்டாள். அவளுக்கு விஷயத்தில் ஈடுபாடு என்று நினைத்தேன். (உங்கள் கணவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று அவள் பத்மாவிடம் தனியாக விசாரித்தது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.)

சொற்பொழிவு முடிகிற நேரத்தில்தான் மூலையில் அது நிற்பதைப் பார்த்தேன். கருநீல நிறம். சைக்கிளுக்குப் போடலாம் போன்ற நான்கு பெரிய சக்கரங்கள். மேலே மடக்குக் கூரை. அடியில் வில் போல வளைந்த எஃகு ஸ்பிரிங். ராஜகுமாரர்கள் படுத்துக்கொண்டு போகிற வகை வண்டி. கையால் அழுத்தினேன். மெதுவாகக் கீழே போய், இன்னும் மெதுவாக மேலே வந்தது. என் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் காதலில் விழுந்தேன். (முதல் முறை பத்மாவிடம் என்று எழுதும்படி உத்தரவு.)

"இதைப் படியில யாரு தூக்குறது?" என்றாள் பத்மா.

"நான்."

"பஸ்ஸுல ஏத்துறது?"

"நான்தான்."

"பஸ்ஸு கதவுக்குள்ள இது நுழையுமா?"

"நுழைய வைக்கலாம்."

அவள் குடை வண்டியைக் கடைசியாக ஒரு முறை மடக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "சரி. கல்லுல ஓட்டிக் காட்டுங்க. ஒழுங்கா ஓடுச்சுன்னா இதையே எடுத்துட்டுப் பாரிஸ் போவோம். ஓடலைன்னா அப்புறம் பாரிஸ் பேச்சை எடுக்கக் கூடாது" என்றாள். அடிபடாமல் இருந்தால் சில நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கடைப் பெண்ணும் சொன்னாள். அவளுக்கு என்னை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது.

வண்டி என் காருக்குள் நுழையவில்லை. அதுவே ஒரு எச்சரிக்கை என்று வேறு யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் எங்கள் மாடியில் குடியிருந்த நடராசாவுக்குப் போன் போட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். அவரிடம் படகு நீளத்துக்கு ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. வந்தார், வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இதுக்குக் குதிரை எப்ப ஐசே வாங்கப் போறீர்?" என்றார். ('ஐசே' என்பது அவர் ஊரில் நண்பர்களைக் கூப்பிடுகிற வார்த்தை.)

ஞாயிற்றுக்கிழமை சோதனை என்று குறித்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சோதனையிலும் முதலில் மனிதர்களை உட்கார வைக்க மாட்டோம். மனிதருடைய எடைக்கு மணல் மூட்டை வைப்போம். அதே முறையை வீட்டிலும் கடைப்பிடித்தேன். ரவியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்றேன், அவனை இறக்கிவிட்டு இன்னொரு முறை நின்றேன், கழித்தேன். மணலுக்கு எங்கே போவது? சைனா டவுனில் வாங்கிய அரிசி மூட்டை வீட்டில் இருந்தது. ரவியின் எடைக்குச் சரியாக ஒரு தலையணை உறையில் அரிசியைக் கொட்டிக் கட்டினேன்.

பார்த்தால் ஒரு குறை தெரிந்தது. குழந்தையின் எடை இப்படிச் சமமாகப் பரவியிருக்காது. தலை கனமாக இருக்கும். தலை இல்லாமல் ஈர்ப்பு மையம் எப்படிச் சரியாக வரும்? கொஞ்சம் அரிசியை வெளியே எடுத்துவிட்டுச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரியில் ஒரு தேங்காய் இருந்தது. ஜான்-டலோன் சந்தையில் பத்மா வாங்கியது. ஒவ்வொரு காயாகக் காதோரம் வைத்து ஆட்டி அவள் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டதைப் பார்த்து, இத்தாலியக் கடைக்காரர் இதில் என்ன கேட்கிறது என்று தானும் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்புமுன் புது வண்டிக்குப் பூஜை போட்டு உடைக்க வேண்டும் என்று அதை வைத்திருந்தாள். நான் உடைக்கவா போகிறேன், வைத்துப் பார்க்கத்தானே என்று எடுத்துக்கொண்டேன்.

தேங்காய் மூட்டையின் மேல் நிற்காமல் வழுக்கியது. ரவியின் வெள்ளைக் கம்பளித் தொப்பியை மாட்டி, அதன் நாடாவை உறையோடு சேர்த்துக் கட்டினேன். கழுத்துவரை அவனுடைய நீலப் போர்வையைப் போர்த்தினேன். உமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள். முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணங்களுக்காகச் செய்தது இது. அழகு பார்த்துச் செய்யவில்லை.

நடராசா எட்டிப் பார்த்தார். "கோவிக்காதையும் ஐசே. உம்மட மகனைவிட இது வடிவாயிருக்கு."

பத்மா உள்ளே ரவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "டெஸ்ட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கத்தினேன். "அரிசியைச் சிந்தாமக் கொண்டாங்க" என்று பதில் வந்தது. தேங்காய் விஷயம் அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் மாலை, வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று எண்ணெய் கேனோடு உட்கார்ந்து அதில் அசைகிற எல்லா இடத்துக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். பிரேக் கட்டைக்கும் விட்டிருந்தேன்.

மான்ட்ரியலில் ஐரோப்பாவுக்குப் போகாமலே ஐரோப்பாவைச் சோதிக்க வேண்டுமென்றால் துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரம்தான். தெரு முழுக்கக் கல். அங்கே ஜாக் கார்த்தியே சதுக்கம் மேலே ஆரம்பித்து ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், ஊரே அங்கே இருந்தது. பூக்கடைகள், படம் வரைகிறவர்கள், ஐஸ்கிரீமோடு நடக்கிற குடும்பங்கள். முதலில் மேலே சமதளத்தில் தள்ளினேன். வண்டி மிதந்தது. நான் நடராசாவைப் பார்த்தேன், அவரும் ஒத்துக்கொள்வது போலத் தலையாட்டினார். நான் பாரிஸில் நடந்துகொண்டிருந்தேன், பத்மா பக்கத்தில் கையை வீசி வந்துகொண்டிருந்தாள்.

பூப்போட்ட உடை போட்ட ஒரு பாட்டியம்மா சிரித்தபடி வந்து கூரைக்குள் குனிந்து பார்க்க முயன்றார். நான் குறுக்கே பாய்ந்து, "டோடோ, டோடோ" என்றேன். தூங்குகிறது என்று அர்த்தம். உமா தினமும் போய்வரும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், கற்றுக்கொண்டு வந்த வார்த்தை. பாட்டியம்மா உதட்டில் விரலை வைத்து, பூனை போல நடந்து விலகினார். உள்ளே இருப்பது குழந்தை என்று அந்தச் சதுக்கத்துக்கு நானே இப்படிச் சான்றிதழ் கொடுத்தேன்.

என் பிரெஞ்சு ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் டப்பாக்களில் ஒரு பக்கம் இங்கிலீஷும் மறு பக்கம் பிரெஞ்சும் அச்சடித்திருப்பார்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே ஒரு பாஷை கற்றுக்கொண்டவன் நான். பால், உப்பு, சர்க்கரை, அரிசி எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு தெரியும். அரிசிக்கு 'ரி'. வினைச்சொல் ஒன்றும் தெரியாது, டப்பாவில் அதற்கு இடமில்லை. மாலை வகுப்புக்கு இரண்டு நாள் போனதில் 'இல்' என்றால் 'அவன்', 'அது' என்று கூடுதலாகத் தெரிந்து வைத்திருந்தேன். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும் என்று வகுப்பை நிறுத்திவிட்டேன்.

கடைசிச் சோதனை பிரேக். சரிவு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தேன். கையை எடுத்தேன். நின்றது. ஒரு அடி பின்னால் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். நின்றது. "பாத்தீங்களா சார்?" என்று நடராசா பக்கம் திரும்பினேன்.

"ஐசே" என்றார் நடராசா, என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி. "அது போகுது."

திரும்பினேன். வண்டி அவசரமே இல்லாமல், ஊர்வலம் கிளம்புவது போலக் கிளம்பியிருந்தது. கை நீட்டினேன், எட்டவில்லை. ஓடினேன். அது என்னைவிட வேகமாக ஓடியது. என் கையாலேயே எண்ணெய் விட்ட சக்கரங்கள் அல்லவா! "குதிரை தேவையில்லைப் போல ஐசே!" என்று பின்னால் நடராசாவின் குரல் கேட்டது. ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டத்திலும் நான் கவனித்தேன், கல்லில் அந்த வேகத்தில் போயும் வண்டியில் அதிர்வே இல்லை. அற்புதமான ஸ்பிரிங்.

அலறல் ஆரம்பித்தது. முதலில் அந்தப் பாட்டியம்மா. பிறகு எல்லோரும். ஐஸ்கிரீம்கள் விழுந்தன. ஒரு ஆள் வண்டிக்குக் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்து நூலிழையில் தவறவிட்டார். எனக்குப் பதறிவிட்டது. அரிசிக்காக யாராவது காலை உடைத்துக்கொள்ளப் போகிறார்களே! அது குழந்தை இல்லை, அரிசி என்று உடனே சொல்லியாக வேண்டும். தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி, ஓடிக்கொண்டே வண்டியைச் சுட்டிக்காட்டிக் கத்தினேன்.

"இல் ரி! இல் ரி!"

ஜனங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கக் கத்தினேன். "இல் ரி! இல் ரி!" ஒரு அம்மாள் தன் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு என்னைச் சபிப்பது போல ஏதோ சொன்னார். விளக்கம் சொல்லச் சொல்ல ஏன் கோபம் கூடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வண்டி ஒரு பூக்கடையின் வாளிகளில் மோதி நின்றது. வண்டிதான் நின்றது. தலை நிற்கவில்லை. நாடா அறுந்து, தொப்பியோடு மேலே எழும்பி, எல்லோர் கண் முன்னாலும் ஒரு வளைவு போட்டுக் கல் தரையில் விழுந்தது.

'டப்' என்று ஒரு சத்தம். பிள்ளையார் கோயில் பக்கம் போயிருக்கிற யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். சரிபாதியாக உடைந்து, தொப்பிக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து கல்லில் பரவியது. திருச்சியாக இருந்தால் நாலு பேர் பொறுக்க ஓடி வந்திருப்பார்கள். இங்கே பாட்டியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சதுக்கம் முழுவதும் மூச்சு விடவில்லை.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நடராசா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இல் ரி..." என்றேன் நான், ஈனஸ்வரத்தில், அவர் பக்கமாகக் கையைக் காட்டி. அவர் வந்து விளக்கிச் சொல்லட்டும் என்றுதான் காட்டினேன். கூட்டம் முழுவதும் நான் காட்டிய பக்கம் திரும்பியது. பெரிய மீசை வைத்த பூக்கடைக்காரர் நேராகப் போய் நடராசாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். அப்போதும் நடராசாவால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். மற்றவர், இளம் வயது, முகம் வெளுத்துப் போய், குனிந்து இரண்டு விரலால் தொப்பியின் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கினார். பார்த்தார். இன்னும் குனிந்து மோந்து பார்த்தார்.

"கொக்கோ?" என்றார்.

"எஸ் சார். கோகனட்" என்றேன்.

அவர் வண்டிக்குள் பார்த்தார். உறை கிழிந்து அரிசி கொட்டிக் கிடந்தது. புறாக்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. கொலைகாரன் என்ற நிலையிலிருந்து பைத்தியக்காரன் என்ற நிலைக்கு நான் பதவி உயர்வு பெற்றேன். ஆனால் தரையில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா புத்திசாலி. தொப்பியையும் போர்வையையும் காட்டிப் போலீஸ்காரரிடம் ஏதோ கேட்டார். போலீஸ்காரர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். இதெல்லாம் நிஜக் குழந்தையின் துணி. அப்படியானால் நிஜக் குழந்தை எங்கே?

"வீட்டில், அம்மாவிடம்" என்றேன்.

"பார்த்துவிடலாம்" என்றார் அவர்.

போலீஸ் காரின் பின் சீட்டில், மடியில் இரண்டு தேங்காய் மூடிகளோடு சென்ட் லோரன்ட் வந்து சேர்ந்தேன். பின்னால் ஸ்டேஷன் வேகனில் வண்டியை ஏற்றிக்கொண்டு நடராசா. ஞாயிறு மதியம், எங்கள் கட்டடமே பால்கனியில் நின்றது. மணி அடித்தேன். பத்மா ரவியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். போலீஸ்காரரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"தேங்காய்."

"அது தெரியுது."

போலீஸ்காரர் ரவியின் தலையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். கெட்டியாக, முழுசாக, கழுத்தின் மேலேயே இருந்தது. ரவி அவருடைய தொப்பியைப் பிடுங்கிக்கொண்டான். அதற்குள் உமா ஓடி வந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு என்றால் தண்ணீர் பட்ட பாடு, எங்களிடமே பாதி நேரம் அதில்தான் பேசுவாள். போலீஸ்காரர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் நீளமாகப் பதில் சொன்னாள், கையால் தலையில் தொப்பி மாட்டுவது போல நடித்துக் காட்டினாள், என்னை ஒரு முறை விரலால் சுட்டினாள். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

உமா குதித்தாள். "அப்பா! இல் ரி! இல் ரி!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமாம்மா. அரிசி. அதைத்தானே நானும் அங்க தொண்டை கிழியக் கத்தினேன்! ஒருத்தருக்கும் புரியல!"

உமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அரிசி இல்லப்பா. போலீஸ் மாமா சிரிக்கிறாரு. இல் ரி."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'ரி' என்றால் அரிசி. அதே 'ரி' என்றால் சிரிக்கிறான். எழுத்துதான் வேறாம், காதுக்கு இரண்டும் ஒன்று. தமிழில் 'அது அரிசி' என்றால் போதும், வாக்கியம் முடிந்துவிடும், நடுவில் வினைச்சொல் எதுவும் வேண்டாம். பிரெஞ்சில் வேண்டுமாம். நான் தமிழ் வாக்கியத்தை அப்படியே எடுத்து 'இல் ரி' என்று போட்டுவிட்டேன். அது பிழையே இல்லாத நல்ல பிரெஞ்சில் 'அவன் சிரிக்கிறான்' என்று ஆகிவிட்டது. சரிவில் உருண்டோடும் குழந்தையின் பின்னால் ஓடிய தகப்பன், "சிரிக்கிறான்! சிரிக்கிறான்!" என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு போயிருக்கிறான். தலை உடைந்த பிறகும், சிரித்துக்கொண்டிருந்த நண்பனைக் கைகாட்டி அதையே சொல்லியிருக்கிறான்.

"அப்ப என்ரை கொலர் கிழிஞ்சதுக்கு நீர்தான் காரணமோ?" என்றார் படியேறி வந்த நடராசா.

போலீஸ்காரர் போனபின் பத்மா தேங்காய் மூடிகளை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "நல்ல காயாத்தான் இருக்கு" என்றாள். "புது வண்டிக்கு உடைக்கத்தான் வாங்கினேன். உடைச்சாச்சு. வண்டியத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."

"அப்ப நேரா மெட்ராஸா?" என்று கேட்டேன். அவளுக்காகச் சிறந்ததை வாங்கப் போய், அவளுக்கு ஆசையாக இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேனே என்றிருந்தது. அவள் உள்ளே போய்ச் சட்னி அரைத்தாள். மூன்று பேரும் மௌனமாகத் தோசை சாப்பிட்டோம். (மௌனம் எனக்கும் பத்மாவுக்கும்தான். நடராசா ஒவ்வொரு விள்ளலுக்கும் சட்னியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.)

மறுநாள் நான் வண்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் அதில் ஒரு கீறல்கூட இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கடைப் பெண் கூரையை மடக்கியபோது உள்ளிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பிரெஞ்சில் எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு சாயந்திரம் வேலையிலிருந்து வந்தால், வாசலில் குடை வண்டி நின்றது. பத்மா இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தனியாகப் பஸ்ஸில் போய், வாங்கி, ரவியை அதிலேயே உட்கார வைத்துத் தள்ளி வந்திருந்தாள். பஸ்ஸில் ஏறும்போது காலால் ஒரு தட்டு, மடங்கிவிட்டதாம்.

"பாரிஸுக்குப் போலாம்" என்றாள். "ஆனா ஒண்ணு. தள்ளுறது நீங்க."

பாரிஸில் அந்தப் பிஸ்கட் சக்கரங்கள் கல் இடுக்கில் மாட்டின. நான் முன்பே சொன்னது போலவே, பத்தடிக்கு ஒரு முறை மாட்டின. ஒவ்வொரு முறையும் ரவியோடு சேர்த்துத் தூக்கி எடுத்து வைத்தேன். கைப்பிடி பத்மாவின் உயரத்துக்குச் செய்தது போல இருந்ததால் கூன் போட்டுத்தான் தள்ள முடிந்தது. அவளோ உமாவை ஓடவிட்டு, கழுத்தில் கேமராவோடு முன்னால் போனாள். கையை வீசிக்கொண்டு போனாள். அவள் இவ்வளவு வேகமாக நடக்கக்கூடியவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு பாலத்திலும் நின்று, திரும்பி, எனக்காகக் காத்திருந்து படம் எடுத்தாள். எங்கள் ஐரோப்பா ஆல்பத்தில் பாரிஸ் இருக்கிறது, ரோம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் உச்சந்தலை இருக்கிறது. ஒரே ஒரு படம் மட்டும் வழியில் போன யாரையோ கூப்பிட்டு எடுக்கச் சொன்னது. அதில் பத்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் பாத்திரத்தில் சாதம் கொதித்து மூடி ஆடினால் "இல் ரி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நடராசா இருந்தவரை தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதையைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போனது, கடைசியில் வண்டி ஆற்றிலேயே விழுந்தது.

போன கோடையில் உமா தன் மகளோடும் பேரனோடும் வந்தாள். ஆமாம், பேரன். எனக்குக் கொள்ளுப் பேரன். அவர்கள் எல்லோரும் அன்றைக்கு டோர்வல் விமான நிலையத்தில் ஏறிப் பாரிஸ் போகிறார்கள், குழந்தைக்குப் புதுத் தள்ளுவண்டி. எது நல்ல வண்டி என்று என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் புது வண்டிக்குப் பூஜை போடாமல் அனுப்ப பத்மா சம்மதிக்க மாட்டாள். கார் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினாள்.

"தேங்காய நீங்களே உடைங்க. உங்களுக்குத்தான் பழக்கம்" என்று என்னிடம் நீட்டினாள்.

கையில் வாங்கினேன். தேங்காய்க்கு வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டிருந்தது. ரவியுடைய அதே தொப்பி. ஒரு ஓரம் கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. இத்தனை வருஷமாக அதை எங்கே வைத்திருந்தாளோ!

எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சத்தம் போட்டது குழந்தைதான். தொப்பியைப் பார்த்ததும், பல் முளைக்காத வாயைத் திறந்து கெக்கெக்கே என்றான்.

"இல் ரி" என்றேன் நான்.

"இந்தத் தடவை சரியாச் சொன்னீங்கப்பா" என்றாள் உமா.